முப்பத்தொன்றாம் பக்கம்

ஜூன் 4

ஏழு கடலுக்கு அப்பால் வீற்றிருந்து, எனக்குப் பதில் போடாத ஒரே ஜீவனாகிய என் மருமகள் முணுமுணுவுக்கு,

மாமா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீ நலமா என்று கேட்டால் "ம்" என்பாய். ஆகவே கேட்டதாகவும், நீ "ம்" என்றதாகவும் வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இந்தக் கடிதத்தில் யாருமே நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். என் கடையில் தொங்கும் முந்நூற்று இருபது மூக்குக்கண்ணாடிகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அதில் பாதி வெறும் பிரேம்தானே, ஆணையும் பாதிதான் செல்லும் என்பாய். சொல்லிக்கொள்.

கதை இதுதான். நான் கவிதை படிக்கிறேன். அதுவும் உன் கவிதை. அதுவும் வாய்விட்டு.

நாற்காலியிலிருந்து விழுந்திருப்பாய். எழுந்து உட்கார்ந்து மீதியைப் படி. உன் புத்தகம் வந்தபோது, "வாக்கியத்தை ஒடிச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா கவிதைன்னா, விறகுக் கடைக்காரர்தான் பெரிய கவிஞர்" என்று சொன்ன அதே மாமாதான். அந்தப் புத்தகத்தை நான் மதிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே. ஆறு வருஷமாக என் லென்ஸ் அரைக்கும் மேஜையின் காலை ஆடாமல் தாங்கி நின்றது அதுதான்.

உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததை மார்ச் மாதம் போனில் சொன்னேன். நீ "சரி மாமா" என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு நான் எத்தனை முறை அழைத்தும் நீ எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். அக்கா இப்போது என்னிடம்தான் இருக்கிறாள், கடைக்குப் பின்னறையில். வலது பக்கம் அசைவில்லை. பேச்சு வரவில்லை. இடது கை அசைகிறது. கண் மட்டும் பழைய கண்தான், நான் சட்டையை மாற்றாமல் வந்தால் இன்னமும் முறைக்கிறது.

டாக்டர் என்னிடம், "காதுல பேச்சு விழுந்துட்டே இருக்கணும், எதையாவது சொல்லிட்டே இருங்க" என்றார். யாரிடம் போய் என்ன சொல்கிறார் பார். பதினோரு நாள் இடைவிடாமல் பேசினேன். சின்ன வயசில் நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் மலையேறியது, நான் ஒரு மந்திரிக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு ஆட்சியையே காப்பாற்றியது, எல்லாம். பன்னிரண்டாம் நாள், மனித வரலாற்றில் முதல் முறையாக, என் பொய் தீர்ந்துவிட்டது. மேஜைக்கடியில் குனிந்து உன் புத்தகத்தை உருவினேன். மேஜை சாய்ந்தது.

முதல் தடவை கண் பவர் வாசிப்பது போலத்தான் வாசித்தேன்.

இஸ்திரிப் பெட்டியின் வயர்
எட்டும் தூரம் வரைதான்
இந்த வீட்டில்
சுருக்கங்கள் நீங்கும்.

ஒரே மூச்சில் கடகடவென்று முடித்துவிட்டுப் பார்த்தால், அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் சில்லறை குறைந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. மறுபடி வாசித்தேன். "இந்த வீட்டில்" என்ற இடத்தில் யாரும் சொல்லாமலே என் மூச்சு நின்றது. அந்த ஒரு நொடியில் எங்கள் வீடு, அதன் நாலு சுவர், வயர் எட்டாத மூலை எல்லாம் அறைக்குள் வந்து நின்றன. ஜன்னல் விளிம்பில் இருந்த நாற்பது புறாக்கள் வாயை மூடிக்கொண்டன. மின்விசிறி மரியாதையாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் குழாய்க் கவிதை. அது அச்சில் வந்த வாரம் உன் அம்மா கடைக்கு வந்து, "உன் மருமக என் குளியலறைக் கதவைக் கழட்டி நடுத்தெருவுல வெச்சுட்டா" என்று சொன்னாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் உன் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குத் தைரியம் கிடையாது, தாயே.

இப்படிக்கு,
கிட்டப்பார்வை தூரப்பார்வை இரண்டையும் ஒருங்கே ஆளும்
மூக்குக்கண்ணாடிச் சக்கரவர்த்தி,
உன் மாமா


ஜூன் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் எழுதுவதை எப்படிப் படிக்க வேண்டும் என்று அம்மாதான் எனக்குச் சின்ன வயசில் சொல்லிக்கொடுத்தாள். "உன் மாமா எதைச் சொன்னாலும் பத்தால வகுத்துக்கோ." அதன்படி நாலு புறாக்கள் இருந்தன என்று புரிந்துகொண்டேன். அவையும் தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எதையும் நம்பிவிடுவேன். எழுத்தில் என்றால் வகுத்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது. ஆகவே எழுதுங்கள்.

நான் இங்கே பள்ளிக்கூட ஆய்வகத்தில் பீக்கர் கழுவுகிறேன், ரசாயனங்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறேன். நான் எழுதுகிற நீளமான வரி இப்போது "தொடாதே, அமிலம்" என்பதுதான். கவிதை எழுதி ஆறு வருஷம் ஆகிறது. வாய்விட்டுப் படிப்பது எனக்கு எப்போதும் வந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முதல் கூட்டத்தில் மைக்குக்குக் கேட்காமல் படித்தேன் என்றுதானே இந்தப் பெயரையே வைத்தீர்கள்.

உங்கள் வாயில் என் வரி நின்றது என்பதை மட்டும் வகுக்காமல் வைத்துக்கொண்டேன்.

அம்மா என்ன சாப்பிடுகிறாள்? தலை வாருகிறது யார்? அதை எழுதவே இல்லையே.

உங்கள் மருமகள்


ஜூன் 19

வகுத்தல் கணக்கில் வல்லவளாகிய முணுமுணுவுக்கு,

கஞ்சி குடிக்கிறாள். தலை வாருவது நர்ஸம்மா. பகல் முழுக்க இருக்கிறார், நல்ல மனுஷி, என்னை மட்டும் பிடிக்காது. போதுமா? இனி என் பெருமைக்கு வருகிறேன்.

பக்கத்துப் பார்வையைச் சோதிக்கக் கையில் ஒரு அட்டை கொடுப்போம் இல்லையா, மேலே பெரிய எழுத்து, கீழே வரவரப் பொடி எழுத்து. அதில் இத்தனை நாள் இருந்தது ஏதோ தோட்டத்தைப் பற்றிய சப்பென்ற நாலு வரி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உன் இஸ்திரிப் பெட்டியை அச்சடித்து வைத்துவிட்டேன். இப்போது இந்த ஊரில் நாற்பது வயசைத் தாண்டிய யாரும் உன் கவிதையை உரக்கப் படிக்காமல் கண்ணாடி வாங்க முடியாது. உலகத்தில் எந்தக் கவிஞருக்கும் இப்படி ஒரு சர்வாதிகாரி மாமா கிடைத்ததில்லை.

ஒரே கவிதை எத்தனை கவிதை ஆகிறது என்று உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். வங்கி மேலாளர் படித்தால் அது சுற்றறிக்கை. "நீங்கும்" என்பதை உத்தரவு மாதிரி சொன்னார், என் சட்டையில் சுருக்கமே நீங்கிவிட்டது. ஒரு டீச்சரம்மா படித்துவிட்டு, யாரோ பதில் சொல்ல வேண்டும் என்பது போல என்னையே பார்த்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாரே, நம் எதிர்க்கடைப் பயிற்சியாளர், அவர் ஒவ்வொரு வரி முடியும்போதும் வலது காலால் தரையை அழுத்தினார். அவருக்கே தெரியாது. முடித்துவிட்டு, "என்ன சார், பாதியில பாதியில நிக்குது?" என்றார்.

"நிக்கலைங்க. கியர் மாத்துது" என்றேன்.

மனிதர் யோசித்தார். அட்டையை வாங்கி மறுபடி படித்தார். இந்தத் தடவை "இந்த வீட்டில்" என்ற இடத்தில் நின்றவர் நின்றவர்தான். "என் சம்சாரம் அந்த மூலையில உக்காந்துதான் சார் போன் பேசும்" என்றார். எந்த மூலை என்று நான் கேட்கவில்லை. எந்த மூலை என்று உன் கவிதையிலும் இல்லை.

இதெல்லாம் ஒரு பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நடக்கிறது. அந்தப் பக்கம் அக்கா. காலையிலிருந்து சாயங்காலம் வரை முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஆளுக்கொரு குரலில் அவள் மகளின் நாலு வரியை அவளுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். யாராவது வரியை விழுங்கினால் உள்ளிருந்து ஒரு உறுமல் வருகிறது. நேற்று ஒரு ஜில்லா நீதிபதியையே உறுமித் திருத்தினாள். அவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி படித்தார்.

நர்ஸம்மா என்னிடம், "இதுல ராகமும் இல்ல, எதுகையும் இல்ல, அப்புறம் ஏன் தலைக்குள்ளயே சுத்துது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. "அது உள்ள வந்து உக்கார்ற வரைக்கும் வந்ததே தெரியாதும்மா" என்று சொல்லி வைத்தேன். பிடிக்காத மாமாவிடமிருந்து வந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ ஒருமுறை வந்து கேள்.

கவிதை வாசிப்போர் குலத்திலகம்,
உன் மாமா


ஜூன் 27

அன்புள்ள மாமாவுக்கு,

நீதிபதியைப் பத்தால் வகுத்தால் யார் மிஞ்சுவார் என்று தெரியவில்லை. ஒரு டைப்பிஸ்ட் என்று வைத்துக்கொள்கிறேன். பயிற்சியாளரை வகுக்க மனம் வரவில்லை. அவர் அப்படியே இருக்கட்டும்.

ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு கடிதத்திலும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அம்மாவுக்குப் பேச்சு இருந்தபோது என்னை வேண்டாம் என்று சொன்னாள். இப்போது அதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை, எழுந்து வேறு அறைக்குப் போகக் கால் இல்லை. இந்த நிலையில் போய் அவள் எதிரில் நிற்பது அவளை மடக்குவது மாதிரி. ஏற்கெனவே ஒருமுறை அவளைக் கேட்காமல் அவள் கதவைத் திறந்துவிட்டேன்.

அவளுக்கு நான் வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அன்றே கிளம்புகிறேன்.

முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படியுங்கள் மாமா. ரப்பர் பேண்டை எடுங்கள். அவள் அதைத் தானே கண்ணால்கூடப் படித்ததில்லை. யாரோ சொந்தக்காரர் போனில் சொன்னதை வைத்துத்தான் அத்தனையும் நடந்தது. முழுசாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொண்டாள் என்று எழுதுங்கள். அழுதால் அதையும் எழுதுங்கள். உள்ளதை எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 5

அகிலமே கொண்டாடும் கவிஞர் முணுமுணு அவர்களின் திருச்சமூகத்துக்கு,

படித்துவிட்டேன். நேற்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, முகம் கழுவி, இருக்கும் சட்டையில் நல்லதைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் என் கை நடுங்கியது. பிறகு புத்தகம் நடுங்கியது. பிறகு கட்டிடமே.

அம்மா குளியலறைக்குள் போனால்
முதலில் தாழ்ப்பாள்
பிறகு குழாய்.
வாளி நிறைவதும் வழிவதும்
மறுபடி கவிழ்வதும்
வெளியே எனக்குக் கேட்கும்.
இரண்டு முறை தட்டுவேன்.
தண்ணீர் மட்டும்
பதில் சொல்லும்.

"இரண்டு முறை தட்டுவேன்" என்று படித்துவிட்டு நிறுத்தினேன் பார், அந்த நிறுத்தத்தில் தெருவில் போக்குவரத்து நின்றது. பயிற்சியாளர் எதிர்க்கடை வாசலில் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸம்மாவின் கையிலிருந்த தெர்மாமீட்டர் தானாகவே நூற்றிரண்டு காட்டியது. மாடியிலிருந்து டாக்டர் இறங்கி வந்தார். இந்தக் கட்டிடத்துக்கு மாடி கிடையாது, அவர் வந்தது அவ்வளவு அவசரத்தில். புறாக்கள் நானூறும் வரிசையில் நின்றன.

அக்கா கட்டில் கம்பியை இடது கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அதற்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். உன் பெயரில் முதல் எழுத்தைச் சொன்னாள், இரண்டாம் எழுத்து நாளை வரும். "இன்னொரு தடவை" என்று ஜாடை காட்டினாள், நான் படிக்கப் படிக்க ஒன்பது முறை கேட்டாள். காப்பி கேட்டாள். சர்க்கரை போதவில்லை என்று திட்டினாள். டாக்டர் தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி உன் புத்தகத்தின் மேல் வைத்து, "இனிமே நீங்களே வைத்தியம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வா, முணுமுணு. பெட்டியைக் கட்டு.

பக்கவாதத்தைப் படித்தே விரட்டிய மாவீரன்,
உன் மாமா


ஜூலை 13

மாமா,

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். உள்ளதை எழுதுங்கள் என்று.

புறா, டாக்டர், காப்பி எல்லாம் போகட்டும், அது உங்கள் சுபாவம். அந்த இரண்டு தட்டு எதற்கு? என் கவிதையிலிருந்தே எடுத்து என்னிடமே நீட்டியிருக்கிறீர்கள். நான் என்ன கேட்க ஏங்குவேன் என்று உங்களுக்குத் தெரியும், கவிதையிலேயே எழுதி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்து அப்படியே செய்து அனுப்பிவிட்டீர்கள், முகத்துக்கு அளவெடுத்துக் கண்ணாடி செய்கிற மாதிரி. நீங்கள் சொன்னதிலேயே எனக்கு நம்ப முடியாதது அதுதான்.

ஏழு வயசில் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன் மாமா. அப்பா வீட்டைவிட்டுப் போன வருஷம். தினமும் தட்டினேன். ஒரு நாள்கூட உள்ளிருந்து தட்டல் வரவில்லை. அது விளையாட்டுக்குரிய சாமான் இல்லை.

இனி அம்மாவைப் பற்றி அலங்காரம் வேண்டாம். அவளுக்கு உண்மையிலேயே முடியாமல் போகிறது என்றால் ஒற்றை வரி எழுதுங்கள். பட்டம் இல்லாமல், புறா இல்லாமல், ஒரு வரி. "வா" என்றால் வருகிறேன். அவள் என்னைப் பார்க்க விரும்பாவிட்டாலும் அதற்கு வருவேன். அந்த ஒரு வரி வராதவரை அவள் நன்றாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜூலை 20

கோபத்தின் திருவுருவமே,

கடிதம் கிடைத்தது. திட்டு முழுவதையும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறேன்.

சாய்ந்து நடப்பது நான் மட்டும்தான். உன் அம்மா நிமிர்ந்து நடக்கிறாள். செவ்வாய்க்கிழமை கட்டிலிலிருந்து இறங்கி, கடை வாசல் வரை இருபது அடி நடந்து, மூன்று பிரேம்களை மாட்டிப் பார்த்து, எதுவுமே தன் முகத்துக்கு லாயக்கில்லை என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். நர்ஸம்மா வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

நீ பதறாமல் உன் பள்ளிக்கூடத் தேர்வையெல்லாம் முடித்துக்கொண்டு மெதுவாக வா. அதற்குள் உன்னை அழைத்துப் போக அக்காவே வண்டி ஓட்டிக்கொண்டு வருவாள். பயிற்சியாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நடைப்பயிற்சித் தளபதி,
உன் மாமா


ஜூலை 28

அன்புள்ள மாமாவுக்கு,

கோபமாக எழுதியதற்கு மன்னிக்கவும். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தூங்கினேன்.

இருபது அடியைப் பத்தால் வகுத்தால் இரண்டு அடி. இரண்டு அடி போதும் மாமா. கட்டிலிலிருந்து இறங்கி இரண்டு அடி வைத்தவளால், நான் வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியும். இனி அவள் முன்னால் வந்து நிற்கலாம். முக்கியமாக, நீங்கள் அந்த ஒற்றை வரியை எழுதவில்லை. உறையைப் பிரிக்கும்போது அதற்குத்தான் பயந்தேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி தேர்வு முடிகிறது. இருபத்திரண்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு. பெயர்ச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதியது. கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதியது முன்னது, அந்தப் பக்கத்திலிருந்து எழுதியது இது. உங்களுக்கு அனுப்பமாட்டேன். நீங்கள் நன்றாகப் படிப்பீர்கள், தெரியும். ஆனாலும் இதை என் வாயால் அவளுக்குப் படிக்க வேண்டும். முணுமுணுக்காமல் படிக்க இங்கே ஆய்வகத்தில் தினமும் பீக்கர்களுக்குப் படித்துப் பழகுகிறேன்.

நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். அலங்காரத்தோடேயே சொல்லுங்கள்.

முணுமுணு


ஆகஸ்ட் 21

முணுமுணு,

நீ கிளம்பிப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இதை நீ பிரிக்காமலே வைத்திருக்கலாம். எழுதாமல் எனக்கு முடியவில்லை.

உன் கடிதமும் நீயும் ஒரே நாளில் வந்தீர்கள். தபால்காரர் அதை உன் கையிலேயே கொடுத்தார். உன் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமல் என் மேஜை மேல் வைத்தாய். நீ போன பிறகுதான் பிரித்தேன்.

ஆகஸ்ட் மூன்று, காலை பத்து மணி. கடையில் ஒருவர் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். "இந்த வீட்டில்" என்று அவர் நிறுத்தியபோது நர்ஸம்மா தடுப்பு ஓரம் வந்து நின்றார். கடைசி வரி முடியும்வரை காத்திருந்தார். பிறகு, "ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். அவ்வளவுதான்.

போனில் அழைத்தேன், நீ எடுக்கவில்லை. "அக்கா போய்விட்டாள்" என்று செய்தி அனுப்பினேன். நீ கேட்ட ஒற்றை வரி. பட்டம் இல்லை, புறா இல்லை. இரண்டு வாரம் தாமதம்.

அதை முன்னாலேயே எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒற்றை வரி கேட்டு நீ எழுதிய கடிதம் வந்த அன்றே டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "அக்கா போகப்போகிறாள், வா" என்று ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். ஏழு இல்லை. இரண்டு தடவை. பொய் கலக்காமல் என் கையெழுத்தில் அதைப் பார்த்தபோது, நான் எழுதியதால்தான் அது நடக்கப்போகிறது என்று தோன்றியது. ஆகவே அவளை இருபது அடி நடக்க வைத்தேன். எழுதும்போது அவள் நடந்தாள், முணுமுணு, நான் பார்த்தேன். நீ அதைப் பத்தால் வகுத்து இரண்டு அடி என்று நம்புவாய் என்று எனக்கு உறைக்கவில்லை. அவள் வைத்தது பூஜ்யம் அடி. பூஜ்யத்தை நான் ஒருநாளும் உனக்கு எழுதியதில்லை, நீ எப்படி வகுப்பாய்?

நீ இங்கே நாலு நாள் இருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது சரிதான். நாலாம் நாள் மத்தியானம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்தாய். நான் வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் உன் குரல் கேட்டது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் எங்கே முடிகிறது என்று தெரிந்தது. நீ முணுமுணுக்கவில்லை. கேட்க வேண்டியவள் இல்லாத வீட்டில் அவ்வளவு நன்றாகப் படித்தாய். தட்டக் கையைத் தூக்கினேன். பிறகு இறக்கிவிட்டேன். அந்தத் தட்டல் என்னுடையது இல்லை.

இப்போது என் புளுகுக் கணக்கை ஒப்படைக்கிறேன். முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்த அன்று அவள் சிரிக்கவில்லை. உன் பெயரில் ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை. காப்பி கேட்கவில்லை. ஒன்பது முறை படிக்கவில்லை, ஒரே முறைதான். பயிற்சியாளர் அன்று ஊரிலேயே இல்லை. நீதிபதி யாரும் என் கடைக்கு வந்ததில்லை, டைப்பிஸ்டும் இல்லை. புறா ஒன்றே ஒன்று, அதுவும் பாதியில் பறந்துவிட்டது.

அந்த மத்தியானம் நான், அக்கா, நர்ஸம்மா மூன்று பேர்தான் இருந்தோம். கடைசி வரி முடிந்ததும் அக்கா இடது கையைப் போர்வையிலிருந்து எடுத்தாள். எடுக்கவே வெகுநேரம் ஆனது. விரல் கணுவால் கட்டில் கம்பியைத் தட்டினாள். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. என்னைப் பார்த்துத் தட்டவில்லை, கதவைப் பார்த்துத் தட்டினாள். அதற்குப் பிறகு அறைக்குள் யார் வந்தாலும் அதே மாதிரி தட்டினாள். நர்ஸம்மா தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து டம்ளரை நீட்டுவார், அக்கா வாயைத் திறக்கமாட்டாள். உனக்கு அதை மறுபடி எழுதியிருக்க வேண்டும். நீ நம்பமாட்டாய் என்று விட்டுவிட்டேன். நாற்பது வருஷம் நான் பேசிய பேச்சுக்குக் கிடைத்த கூலி அது.

வேறு எதையும் நீ நம்ப வேண்டாம். அந்த ஒன்று மட்டும் நடந்தது. அதைப் பத்தால் வகுக்காதே. அது மொத்தமே இரண்டுதான்.

மாமா